சுகந்தி மிஸ் காத்திருக்கும் நேரம்

ஒரு ஆசிரியையின் வேலை என்னால் போயிற்று. அவர் என்னை நம்பித் தன் குரலைக் கொடுத்தார். அந்தக் குரலை வைத்துக்கொண்டே அவரை வெளியே அனுப்பலாம் என்று பள்ளிக்கு வழி காட்டியவன் நான்.

இந்தத் தொடரில் என் கல்லூரி நாட்களைப் படித்துவிட்டு, 'உங்களைப் போன்ற ஒரு ஆசிரியர் எங்களுக்கு வாய்க்கவில்லையே' என்று சில வாசகர்கள் எழுதியிருந்தார்கள். அவர்கள் இந்த வாரத்தையும் படிக்க வேண்டும்.

கோடை விடுமுறைக்குச் சற்று முன்பு அது நடந்தது. பெங்களூர் தொம்மலூரில் ஒரு சிறிய தனியார் பள்ளி. அதன் செயலாளர் என்னை அழைத்திருந்தார். வீட்டில் கன்னடம் பேசுகிறவர், தெருவில் தமிழ் பேசி வளர்ந்தவர். என்னை, வாத்தியாரே என்னும் பொருளில், 'மேஷ்ட்ரே' என்றுதான் கூப்பிடுவார். ஒரு காபி வரவழைத்து, அதை இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் சரிபாதியாக ஊற்றி, ஒன்றை என் பக்கம் தள்ளினார்.

சுவரில் புதுத் திரை மாட்டியிருந்தார்கள். அதன் மூலைகளில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட இன்னும் உரிக்கவில்லை. அதில் எங்கள் இணையதளத்தைத் திறந்து, ஒரு பாடத்தை ஓடவிட்டேன்.

"யாரிது, நம்ம சுகந்தி மிஸ்ஸா? ரேடியோல வர்ற மாதிரி இருக்கே, மேஷ்ட்ரே!"

"அவர்தான்."

"இதுக்கு மாசாமாசம் எவ்ளோ கட்டணும்?"

"ஒரு பைசா வேண்டாம். எல்லாம் இலவசம். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் முகத்தில் தெரிந்த வியப்பு எனக்குப் போதவில்லை. "இதை ஓடவிட்டால் போதும், வகுப்பில் தமிழாசிரியர் இல்லாவிட்டாலும் பாடம் நடந்துவிடும்" என்றேன்.

அவர் தம்ளரைக் கீழே வைத்தார். "ஹௌதா?" என்றார். அப்படியா என்று கேட்டதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

தமிழாசிரியரே கிடைக்காத பள்ளிகளை மனத்தில் வைத்துத்தான் சொன்னேன் என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஆனால் நான் உட்கார்ந்திருந்தது தமிழாசிரியர் இருந்த பள்ளியில். அவர் அப்போது மாடியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

புடவை அலமாரிக்குள்

அந்த இணையதளம் ஊரடங்குக் காலத்தில் பிறந்தது. ஓய்வு பெற்று வீட்டில் கிடந்த என்னிடம், பெங்களூரில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்கள் சிலர் தொலைபேசியில் புலம்பினார்கள். பாடநூல் நேரத்துக்கு வருவதில்லை, துணைநூல் கிடைப்பதில்லை, கைப்பேசித் திரையில் செய்யுளை எப்படி நடத்துவது என்று தெரியவில்லை. பொறுப்பான காரியம் ஒன்று கிடைத்த மகிழ்ச்சி எனக்கு. ஒலிப்பதிவு, அருஞ்சொற்பொருள், படங்கள், வினாக்கள் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தேன்.

சுகந்தி கிருஷ்ணகிரிப் பக்கத்தவர். கணவர் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டுகிறார். பீன்யாவிலிருந்து மெஜஸ்டிக்கில் பேருந்து மாறித் தொம்மலூர் பள்ளிக்கு வந்து போவார். அவர் வகுப்பில் காய்கறி வண்டிக்காரர்களின் பிள்ளைகளும் இருந்தார்கள், கணினி வேலைக்கு அண்மையில் வந்தவர்களின் பிள்ளைகளும் இருந்தார்கள். தமிழ் எழுதப் படிக்கத் தடுமாறும் பிள்ளைகளிடமும் இலக்கியத்தைக் கொண்டுபோகிறவர் என்று கேள்விப்பட்டுத்தான், பாடங்களைப் பேசிப் பதிவுசெய்து தர அவரைக் கேட்டேன்.

ஒண்டுக் குடித்தன வீடு. ஒரு பக்கம் மிக்ஸி, மறுபக்கம் தண்ணீர் லாரி. அதனால் விடியற்காலையில் எழுந்து, அலமாரிக் கதவைத் திறந்து, தொங்கும் புடவைகளுக்கு நடுவே தலையை நுழைத்துக்கொண்டு பதிவுசெய்வார்.

"துணி சத்தத்தைக் குடிச்சிடுது சார். ஆனா நாப்தலின் வாசனைல தும்மல் வந்துடுது. தும்மினா மறுபடி மொதல்லேருந்து."

முதல் பதிவே என்னை அசைத்துவிட்டது. மகள் வீட்டை விட்டுப் போன பின் தாய் புலம்பும் ஒரு பழைய பாட்டு. சுகந்தி அதை ஒருமுறை படித்துவிட்டு, பொருள் சொல்லாமல், "உங்க வீட்டுல யாராச்சும் சொல்லாமக் கொள்ளாமப் போயிருக்காங்களா?" என்று கேட்பார்.

பிறகு பேசவே மாட்டார். தொலைவில் ஒரு சேவல், யாரோ குடத்தை வைக்கும் ஓசை. வேறொன்றும் இராது. பதிவு அறுந்துவிட்டது என்று நினைத்து நான் கைப்பேசியைத் தட்டிப் பார்த்தேன். நெடுநேரம் கழித்து, "சரி. இப்ப பாட்டுக்கு வருவோம்" என்று குரல் வந்தது.

நேர்கோடுகள்

ஒலியை வெட்டி ஒட்டும் செயலி ஒன்றை அப்போதுதான் கற்றுக்கொண்டிருந்தேன். திரையில் குரல் மேடும் பள்ளமுமாகத் தெரியும். பேசாத இடம் நேர்கோடாகக் கிடக்கும். கண்ணாலேயே கண்டுபிடித்துக் கத்தரித்துவிடலாம்.

சுகந்தியின் பதிவுகள் நேர்கோடுகளால் நிறைந்திருந்தன. எல்லாவற்றையும் வெட்டினேன். கேள்வி முடிந்த மூச்சிலேயே பாட்டு தொடர்ந்தது. பாடம் பாதியாகச் சுருங்கிக் கச்சிதமாகிவிட்டதாக எனக்குப் பட்டது.

சுகந்தி அதைக் கேட்டுவிட்டு என்னை அழைத்தார். "சார், அந்த எடத்துல பிள்ளைங்க பேசணும் சார். நான் காத்திட்டிருக்கேன்."

"இணையத்தில் யாரும் காத்திருக்க மாட்டார்கள் அம்மா. மூடிவிட்டுப் போய்விடுவார்கள்."

"வகுப்புல போடும்போது?"

"வகுப்பில் ஆசிரியர் இருப்பார். அவர் நிறுத்திக்கொள்வார்."

"சரிங்க சார், உங்களுக்குத் தெரியாததா" என்றார்.

பதிவைத் தளத்தில் ஏற்றும்போது திரையில் ஒரு சிறு கட்டத்துக்குள் குறியிட வேண்டும். 'யாரும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், எங்கும் பயன்படுத்தலாம், அனுமதி கேட்க வேண்டியதில்லை' என்பது அதன் பொருள். அவர் சார்பில் நானே குறியிட்டேன். அவருக்கு அதை வாசித்துக் காட்டவில்லை. நல்ல காரியத்துக்கு என்ன சம்மதம் என்று இருந்துவிட்டேன்.

மை மணக்கும் தாள்கள்

என் பழைய வழக்கம் ஒன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

இளம் விரிவுரையாளனாக இருந்தபோது, ஆஸ்டின் டவுன் வீட்டில் உட்கார்ந்து, எல்லாச் செய்யுள்களுக்கும் குறிப்பு எழுதி, ஸ்டென்சில் வெட்டி, உருட்டி அச்சடித்து மாணவர்களுக்குச் சும்மா கொடுப்பேன். விரலெல்லாம் மை. மாநில அரசில் குமாஸ்தாவாக இருந்த என் அப்பா, சாப்பாட்டுத் தட்டில் படிந்த என் விரல் ரேகையைப் பார்த்து முகம் சுளிப்பார்.

ஆண்டின் முடிவில் என் வகுப்பில் பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. குறிப்பு கையில் இருக்கும்போது வகுப்புக்கு ஏன் வர வேண்டும்? எல்லோரும் தேறினார்கள். எனக்கு நல்ல பெயர். அந்த இளைஞர்களில் ஒருவனுக்காவது ஒரு பாட்டு பிடித்திருந்ததா என்று எனக்குத் தெரியாது. நான் விசாரித்ததில்லை.

கொடுப்பதில் எனக்கு அப்படி ஒரு போதை. வாங்குகிறவர் என்ன ஆனார் என்று திரும்பிப் பார்த்தவனில்லை.

"ஜூன்ல வர வேண்டாமாம்"

விடுமுறை தொடங்கிய வாரத்தில் சுகந்தி அழைத்தார்.

"சார், ஜூன்ல வர வேண்டாம்னு சொல்லிட்டாங்க."

"ஏன்?"

"பாடமெல்லாம் நெட்லயே இருக்காமே சார். மஞ்சுளா மிஸ் போட்டு விட்டா போதுமாம். அவங்க கன்னட மிஸ் சார். ரொம்ப நல்லவங்க. தமிழ் மட்டும் தெரியாது."

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். "என் எடத்துக்கு நானே வந்துட்டேன் சார். சம்பளம் இல்லாம."

செயலாளரிடம் பேசுவதாகச் சொன்னேன். பேசவில்லை. இன்று, நாளை என்று தள்ளினேன். 'நீங்கள்தானே சொன்னீர்கள்' என்று அவர் கேட்டுவிடுவார் என்ற பயம். நான் சொன்ன அந்த வாக்கியத்தைச் சுகந்தியிடமும் மறைத்தேன்.

ஆகஸ்டு வாக்கில் செயலாளரே கூப்பிட்டார். "வந்து பாருங்க மேஷ்ட்ரே, கிளாஸ் எவ்ளோ அமைதியா நடக்குதுன்னு."

போனேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். மஞ்சுளா எனக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்தி, மேசையில் குவிந்திருந்த கன்னட நோட்டுகளைத் திருத்த ஆரம்பித்தார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. தன் வேலையோடு இன்னொருவர் வேலையும் அவர் தலையில் விழுந்திருந்தது.

திரையில் குடிசையும் காட்டுப் பாதையும் வந்தன. சுகந்தியின் குரல் அறையை நிறைத்தது. அந்தத் தாயின் பாட்டு. பிறகு கேள்வி.

"உங்க வீட்டுல யாராச்சும் சொல்லாமக் கொள்ளாமப் போயிருக்காங்களா?"

எனக்கு முன் பெஞ்சில் இருந்த சிறுமி நிமிர்ந்தாள். வாய் திறந்தது. அதற்குள் "சரி, இப்ப பாட்டுக்கு வருவோம்" என்றது திரை. அவள் வாயை மூடிக்கொண்டாள். அடுத்த கேள்விக்கு நிமிரவில்லை. யாருமே நிமிரவில்லை. கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்பதை அந்த வகுப்பு ஜூன் மாதத்திலேயே மறந்திருக்க வேண்டும்.

நான் வெட்டிய ஒவ்வொரு இடத்தையும் அன்று காதால் கண்டேன். வகுப்பு அமைதியாகத்தான் இருந்தது.

நான் செய்த நீதி

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கணினியைத் திறந்தேன். சுகந்தியின் பதிவுகள் அனைத்தையும் தளத்திலிருந்தும் என் கணினியிலிருந்தும் அழித்தேன். குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். இனி அந்தப் பள்ளி எதை ஓட்டும் பார்க்கலாம் என்று நாற்காலியில் சாய்ந்தபோது, நெடுநாளைக்குப் பிறகு நெஞ்சு லேசாக இருந்தது.

என் மனைவி வசந்தா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்ணீங்க?"

சொன்னேன். தொம்மலூர் அறையில் சொன்ன வாக்கியத்தையும் முதல்முறையாகச் சொன்னேன்.

"அந்தப் பொண்ணைக் கேட்டீங்களா?"

"அவளுக்காகத்தானே செய்தேன்."

"குடுக்கும்போதும் கேக்கல, எடுக்கும்போதும் கேக்கல. நல்லாருக்கு உங்க நியாயம்." அவள் உள்ளே போய்விட்டாள்.

சில நாள் கழித்துச் சுகந்தியிடமிருந்து அழைப்பு. பின்னணியில் பேருந்துகளின் இரைச்சல்.

"சார், நம்ம சைட்டு ஏதாச்சும் ரிப்பேரா?"

பீன்யா பக்கம் ஒரு பள்ளியில் தமிழாசிரியர் தேடினார்களாம். வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரம். மாதிரி வகுப்புக்குப் பதிலாக அவர் எங்கள் தளத்தின் சுட்டியைக் கொடுத்திருந்தார். நேர்காணலில் அவர்கள் அதைத் தட்டியபோது 'இந்தப் பக்கம் இல்லை' என்று வந்திருக்கிறது. மறுபடி தட்டினார்கள். மறுபடி அதேதான்.

"அவங்க ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க சார். நான் பொய் சொல்றேன்னு நெனச்சிட்டாங்க போல. இப்பவே ஒரு பாடம் நடத்துறேன்னேன். டைம் இல்லன்னுட்டாங்க."

"நான்தான் எடுத்தேன்" என்றேன். மற்றதையும் சொன்னேன். தொம்மலூரில் என்ன பேசினேன், எப்படிப் பேசினேன் என்பதையும்.

பேருந்துகள் மட்டும் போய்க்கொண்டிருந்தன.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார்" என்றார். திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

திருப்பிக் கொடுக்கப் பார்த்தது

என்னிடம் பிரதி இல்லை. எனக்குத் தெரிந்து பதிவுகள் இருந்த ஒரே இடம் தொம்மலூர் பள்ளி. அவர்கள் முதல் நாளே எல்லாவற்றையும் பென் டிரைவில் இறக்கி வைத்துவிட்டார்கள். நான் அழித்ததே அவர்களுக்குத் தெரியாது.

செயலாளர் தாராளமாக எடுத்துக் கொடுத்தார். "தகொளி, எடுத்துக்கோங்க மேஷ்ட்ரே, உங்க சரக்குதானே!"

"அந்த அம்மாவைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். நான் அன்று சொன்னது தவறு. ஆசிரியர் இல்லாமல் அது பாடம் இல்லை."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் பகை இல்லை, கணக்குதான் இருந்தது. "தமிழ் எடுக்கற பிள்ளைங்க வருஷா வருஷம் குறையறாங்க. நீங்க சொன்னப்புறம்தான் எனக்கு இந்த யோசனையே வந்துது. கமிட்டிக்கும் சொல்லி ஆயித்து. இப்ப மாத்திச் சொன்னா என்னை என்னன்னு நெனப்பாங்க?"

அன்று மாலையே பதிவுகளை மீண்டும் ஏற்றினேன். பீன்யா பள்ளிக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்கள். வேறொருவர் சேர்ந்துவிட்டார் என்றார்கள்.

அங்கிருந்து சுகந்தியின் வீட்டுக்கு நடந்தேன். தெரு முழுக்க இரும்புத் தூளின் வாடை. கதவு திறந்துதான் இருந்தது. அவர் காதில் ஒலிக்கருவியோடு மடிக்கணினி முன் உட்கார்ந்து, பொருள் வந்து சேரவில்லை என்று கத்தும் யாருக்கோ தமிழில் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லிக் கையால் காட்டினார். அந்த அலமாரி என் எதிரே இருந்தது.

அழைப்பு முடிந்ததும் ஒலிக்கருவியைக் கழுத்துக்கு இறக்கினார்.

"ஷிப்ட் சார். வீட்டுலேயேதான். கஸ்டமர் திட்டினாலும் பேசிட்டே இருக்கணும். நடுவுல கொஞ்சம் சும்மா இருந்தாலும் மார்க் கொறச்சிடறாங்க."

மன்னிப்புக் கேட்டேன். அவர் மேசை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். "சரி விடுங்க சார்" என்று சொல்லவில்லை. அது சரியே.

"பதிவுகளை மறுபடி போட்டுவிட்டேன் சுகந்தி. வேண்டாம் என்றால் இப்போதே எடுத்துவிடுகிறேன். நீங்கள் சொல்வதுதான்."

"எதப் போட்டீங்க, வெட்டுனதையா?"

"ஆமாம்."

எழுந்து போய், அலமாரியின் அடித்தட்டிலிருந்து திரை கீறிய பழைய கைப்பேசி ஒன்றை எடுத்துவந்தார். தான் பேசியது பேசியபடியே அதில் இருந்தது. எனக்கு அனுப்பிய பிறகும் அவர் எதையும் அழித்திருக்கவில்லை.

"போடறதா இருந்தா இத முழுசாப் போடுங்க சார். யாரு வேணா எடுத்துக்கட்டும், எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா மிஸ் இல்லாம சும்மா ஓடவிடக் கூடாதுன்னு மேல எழுதிடுங்க."

எழுதினேன். ஒவ்வொரு பாடத்தின் தலையிலும், பெரிய எழுத்தில்.

அதன் பிறகு

முழுப் பதிவுகளை ஏற்றிய சில வாரங்களில் பல ஊர் ஆசிரியர்களிடமிருந்து செய்திகள் வரத் தொடங்கின. 'நடுவில் ஒலி நின்றுபோகிறது, சரிசெய்யவும்', 'கோப்பு பழுதாக உள்ளது', 'பழைய பதிவே நன்றாக இருந்தது'. ஒவ்வொருவருக்கும் பொறுமையாகப் பதில் எழுதினேன். அது பழுதல்ல, அங்கே பிள்ளைகள் பேச வேண்டும் என்று. சிலர் புரிந்துகொண்டார்கள். பலரிடம் வெட்டிய பிரதி இருக்கிறது. அதைத்தான் ஓட்டுகிறார்கள். அதை இனி யாராலும் திரும்ப வாங்க முடியாது.

தொம்மலூர் பள்ளிக்கும் புதிய பதிவை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். இம்முறை மஞ்சுளாவின் கையில். ஒரு வாரம் கழித்துச் செயலாளர் பேசினார்.

"மேஷ்ட்ரே, நீங்க குடுத்த புதுசு சரியில்ல. அந்தத் தாய் புலம்பற பாட்டுல கேள்வி கேட்டுட்டு அப்படியே நின்னுடுது. பிள்ளைங்க சத்தம் போட ஆரம்பிச்சிடறாங்க."

"என்ன சத்தம்?"

"ஏதோ பேசறாங்க, எல்லாம் ஒரே நேரத்துல. ஒரு பொண்ணு அழுதுட்டாளாம். பக்கத்து கிளாஸ்லேருந்து கம்ப்ளெயிண்ட். மஞ்சுளா மிஸ்ஸுக்குத் தமிழ் வராது, பாவம், அவங்க என்ன பண்ணுவாங்க? பழசையே போடச் சொல்லிட்டேன்."

சுகந்தியை அழைத்தேன். வேலை நேரம் என்று தெரிந்தும் அழைத்தேன். பிள்ளைகள் பேசினார்கள் என்று சொன்னேன். அந்தத் தாயின் பாட்டுதான் என்றும், ஒரு பெண் அழுதாள் என்றும் சொன்னேன். மீண்டும் பழையதற்கே போய்விட்டார்கள் என்பதை மறைக்காமல் சொன்னேன்.

"யாரு சார் அழுதது? என்ன சொன்னாளாம்?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. செயலாளரிடம் அதை நான் கேட்டிருக்கவில்லை.

நான் பதில் தேடிக்கொண்டிருந்தேன். சுகந்தி காத்திருந்தார். மார்க் குறையும் என்று தெரிந்தும், அவர் தன் பாடங்களில் காத்திருப்பாரே, அதே அளவு நேரம் காத்திருந்தார்.

"சரிங்க சார், கால் வருது" என்று வைத்துவிட்டார்.